குழந்தைக்குப் பூத்தையல்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பிறந்த குழந்தைக்கு எம்பிராய்டரி செய்து கொடுக்கலாம் என்று நினைத்ததும் எல்லாரும் முதலில் படத்தைத்தான் தேடுவார்கள். முயலா, யானையா, நிலாவா? நான் முதலில் கேட்டுக்கொள்வது வேறு. இந்தத் துணி குழந்தையின் மேல் படப் போகிறதா, சுவரில் தொங்கப் போகிறதா? மேலே படும் என்றால் தையலின் பின்பக்கம்தான் முக்கியம். முன்பக்கத்தைப் பார்த்து மகிழ்வது நாம். பின்பக்கம் உரசுவது குழந்தையின் தோலில். சுவருக்கென்றால் அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, ஆசை தீரத் தைக்கலாம்.

எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுத் தந்தவர் பெரியம்மா. யார் எதைத் தைத்துக் கொண்டுவந்து காட்டினாலும் வாங்கியவுடன் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, அப்புறம்தான் பூவைப் பற்றிப் பேசுவார். குழந்தைத் துணி விஷயத்தில் அந்தப் பழக்கத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

துணியும் நூலும்

துணி வாங்கியதும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் அதில் ஊசி இறங்க வேண்டும். புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், தைத்த நூல் அதே அளவு சுருங்காது. அதனால் பூவைச் சுற்றித் துணி சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டுவிடும். குழந்தைத் துணியைத் துவைத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் இந்த ஒரு படியைத் தாண்டவே கூடாது.

நூலுக்கு ஆறு இழை சேர்ந்த சாதாரணப் பருத்தி எம்பிராய்டரி நூல் போதும். டிஎம்சி, ஆங்கர் போன்ற நிறுவனங்களின் நூலில் ஒரு கட்டு 8 மீட்டர் இருக்கும். 45 செ.மீ. அளவு வெட்டிக்கொண்டு, வேண்டிய இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, பிறகு சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து உருவினால் சிக்கும். தனித்தனியாக எடுத்துச் சேர்த்த இழைகள் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும், முறுக்கிக்கொண்டு நிற்காது. நூல் கட்டில் இருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். டிஎம்சியில் 310 என்றால் எப்போதும் கறுப்பு. பாதியில் நூல் தீர்ந்துபோனால் கண்ணால் பார்த்து நிறம் பொருத்துவதைவிட எண்ணைச் சொல்லி வாங்குவது எவ்வளவோ நிம்மதி.

சிவப்பு, அடர் நீலம், கறுப்பு நூலென்றால் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் சுவர் அலங்காரத்துக்குப் போகட்டும். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் துணிக்கு வேண்டாம்.

ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். ஒன்று, இரண்டு இழைக்கு 9 அல்லது 10ஆம் எண், மூன்று இழைக்கு 7 சரியாக இருக்கும். துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்தின் உள்பக்கச் சட்டத்தில் பருத்தி நாடாவைச் சுற்றி வைத்தால் துணி நழுவாது, தடமும் பதியாது.

படத்தைத் துணியில் வரைய நீரில் கரையும் நீலப் பேனா எனக்குப் பிடிக்கும். தைத்து முடித்ததும் சோப்பு போடாமல் முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள், கோடு முழுக்கப் போனபிறகுதான் இஸ்திரி. கோடு இருக்கும்போதே சூடு பட்டால் அது நிலைத்துவிடலாம். சூட்டில் மறையும் பேனா இதற்கு நேர்மாறு: இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மறையும், கடுங்குளிரில் திரும்ப எட்டிப் பார்க்கும். அன்பளிப்பு எந்த ஊருக்குப் போகும், எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

தோலில் படும் துணிக்கான தையல்

பின்பக்கத்தில் தொளதொளவென்று நீளும் நூலில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். விரலைச் சுற்றி இறுகும் ஒற்றை நூல் ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்று பெரியவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஆகவே காலுறை, கையுறை இரண்டிலும் நான் தைப்பதே இல்லை. சட்டை, குல்லா, போர்வை ஆகியவற்றில் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் பின்பக்கமாக நூலை இழுத்துக்கொண்டு போவதும் இல்லை. அங்கேயே முடித்து வெட்டிவிட்டு, அடுத்த இடத்தில் புதிதாகத் தொடங்குவேன்.

முடிச்சும் வேண்டாம். இரண்டு இழையில் தைப்பதாக இருந்தால் முடிச்சில்லாமல் தொடங்க ஓர் அழகான வழி உண்டு. 90 செ.மீ. நீளத்தில் ஒரே ஓர் இழையை எடுத்து இரண்டாக மடியுங்கள். வெட்டிய இரு முனைகளையும் சேர்த்து ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு கண்ணி இருக்கும். கீழிருந்து மேலே வந்து, சிறு தையலாக மறுபடி கீழே இறங்கி, பின்பக்கம் காத்திருக்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு மெதுவாக இழுங்கள். நூல் தானே பிடித்துக்கொள்ளும், கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. முடிக்கும்போது பின்பக்கத் தையல்களில் நான்கைந்தின் அடியில் ஊசியை நுழைத்து எடுத்து, கடைசித் தையலின் அடியில் ஒருமுறை திரும்பி வந்து, ஒட்ட வெட்டிவிடுங்கள்.

முன்பக்கத்திலும் நீளத் தையல் ஆகாது. சாட்டின் தையலில், அதாவது ஓரம் முதல் ஓரம்வரை இழைகளை ஒட்டி ஒட்டிப் போட்டு, இலையை நிரப்பினால் அரை செ.மீ.க்கு மேல் நீளும் இழைகள் நகத்திலும் பட்டனிலும் மாட்டி இழுபடும். பெரிய இலையென்றால் காம்புத் தையலை (ஒவ்வொரு தையலும் முந்தையதன் பாதியருகே எழும்பி, கயிறுபோல ஓடுவது) வரிசை வரிசையாக நெருக்கிப் போட்டு நிரப்புங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் துவைக்கத் துவைக்க அது துணியோடு துணியாகப் படிந்துகொள்ளும். கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துப் போகும் சங்கிலித் தையலும் நல்லதுதான், கண்ணிகள் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால். மணி, சமிக்கி, பட்டன், ஜரிகை நான்கும் வேண்டவே வேண்டாம். முயலுக்குக் கண் வேண்டுமானால் ஒரே இடத்தில் நெருக்கமாக நான்கு சின்னத் தையல் போட்டால் கறுப்புப் புள்ளியாக உருண்டு நிற்கும்.

பனியன் துணியில் தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை வளையத்தில் இழுத்து மாட்டாதீர்கள். இழுத்த நிலையில் தைத்துவிட்டு வளையத்தைக் கழற்றினால் துணி பழைய அளவுக்குச் சுருங்கி, பூ கசங்கிவிடும். பின்னால் நீரில் கரையும் தாளை வைத்துத் தளர்வாகப் பிடித்துத் தையுங்கள். ஊசி, முனை மழுங்கி உருண்ட பந்துமுனை ஊசியாக இருந்தால் இழை அறுந்து ஓட்டை விழாது. ஒற்றைத் துணியில் தைத்த எதற்கும், முடித்தபிறகு மெத்தென்ற ஒட்டுத்துணியைப் பின்பக்கம் வைத்து இஸ்திரியால் ஒட்டிவிடலாம். குழந்தைச் சட்டைகளுக்கென்றே மெல்லிய பின்னல் ரகத்தில் கிடைக்கிறது. மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் சீக்கிரம் பிரியாது.

பிப்பும் தோள்துணியும்

முதல் முயற்சிக்கு இவைதான் பொருத்தம். பிப் (குழந்தையின் கழுத்தில் மாட்டும் எச்சில் துணி) தைப்பவர்கள் இரண்டு அடுக்காகத் தையுங்கள்: மேல்துணியில் எம்பிராய்டரி செய்து முடித்து, அதன்பிறகு அடித்துணியோடு நல்லபக்கம் உள்ளே வரும்படி சேர்த்துத் தைத்துத் திருப்புங்கள். தையலின் பின்பக்கம் முழுக்க இரண்டு அடுக்குக்கு நடுவே போய் ஒளிந்துகொள்ளும். கடையில் வாங்கிய இரண்டடுக்குத் துணியானாலும் மேலடுக்கை மட்டும் குத்தித் தைக்கலாம், நூல் முனைகளை நடுவில் தள்ளிவிடலாம்.

படத்தை நெஞ்சின் நடுவில் வைக்காதீர்கள். பால், கஞ்சி, எச்சில் எல்லாம் விழும் இடம் அது. கீழ் ஓரத்தில் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, வரிசையாக ஒரு சின்னக் கொடி போதும்: தண்டுக்குக் காம்புத் தையல், இலைக்குச் சிறிய லேசி டெய்சி (தனியாக நிற்கும் ஒற்றைச் சங்கிலிக் கண்ணி). கழுத்துக்கு நீள நாடா வைக்காமல் அழுத்துப் பட்டனை உறுதியாகப் பொருத்துங்கள். வெல்க்ரோ வைத்திருந்தால் துவைக்கும்முன் அதை மூடிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதன் முட்கள் சலவையில் தையலைப் பிய்த்துவிடும்.

பால் குடித்தபின் ஏப்பம் விடவைக்கத் தோளில் போடும் துணிக்கு ஒரு குறுகிய முனையில் மட்டும் தைத்தால் போதும். முதுகுப்பக்கம் தொங்கும் அந்த முனை குழந்தையின் முகத்தில் உரசாது, பின்னால் வருகிறவர்களுக்கும் அழகாகத் தெரியும். மஸ்லின் எனும் மெல்லிய பருத்தித் துணியென்றால் நெசவு இடைவெளி வழியாகப் பின்பக்க நூல் நிழலாகத் தெரியும், அதனால் வெளிர் நிறங்களாகத் தேர்ந்தெடுங்கள். பூத்துண்டில் தைக்கும்போது துணிமேல் நீரில் கரையும் கண்ணாடித்தாளை விரித்து அதன்மேல் தையுங்கள், தையல் பூவிழைக்குள் புதைந்துபோகாது.

தலையணை, மெத்தைப் போர்வை தைத்துக் கொடுக்கப் பலருக்கும் ஆசை இருக்கும். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை. செய்து கொடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: நாற்காலியில் வைக்கலாம், தொட்டிலில் வேண்டாம்.

கறுப்பு வெள்ளைத் துணிப் புத்தகம்

எனக்கு மிகப் பிடித்த அன்பளிப்பு இதுதான். பிறந்த புதிதில் குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். வெளிர் ரோஜா, வெளிர் நீலமெல்லாம் நமக்குத்தான் குழந்தைத்தனமாகத் தெரிகின்றன. அதன் கண்ணைப் பிடித்து நிறுத்துவது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் தடித்த கோடு. முகத்துக்கு நேரே ஒரு பக்கத்தைப் பிடித்தால் குழந்தை உற்றுப் பார்க்கும் பாருங்கள், அதற்காகவே தைக்கலாம்.

வெள்ளைத் துணியில் 26க்கு 14 செ.மீ. அளவில் நான்கு செவ்வகங்களைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இப்போதே வெட்ட வேண்டாம், வளையத்தில் மாட்டச் சுற்றிலும் துணி வேண்டும். ஒவ்வொரு செவ்வகத்திலும் நடுவே ஒரு மடிப்புக் கோடு. இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். ஒரு பெரிய வட்டமும் அதற்குள் சிறு வட்டமும், நெளிகோடு மூன்று, சிரிக்கும் முகம், மீன், இலை, வீடு போன்றவை. நுணுக்கமான படம் எதுவும் வேண்டாம். கறுப்பு நூலை மூன்று இழையாக எடுத்து, சங்கிலித் தையலை இரண்டு மூன்று வரி ஒட்டி ஒட்டிப் போட்டால் கோடு கால் அங்குலத் தடிமனுக்கு வரும்.

எட்டுப் படமும் முடிந்ததும் அலசி, இஸ்திரி போட்டு வெட்டுங்கள். இரண்டிரண்டு செவ்வகமாக நல்லபக்கம் உள்ளே வைத்து, ஒரு செ.மீ. உள்ளே தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து செ.மீ. திறந்து விட்டு, அதன்வழியே திருப்பி, ஓரத்தையொட்டி மேலே ஒரு தையல் ஓட்டினால் வாயும் மூடிவிடும். இப்படி இரண்டு தாள் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடிப்புக் கோட்டில் மெஷினில் இரண்டுமுறை அழுத்தமாகத் தைத்தால் 12 செ.மீ. சதுரத்தில் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். சத்தம் வரட்டும் என்று உள்ளே பிளாஸ்டிக் தாள் வைப்பவர்கள் உண்டு. தையல் விட்டால் அது வாய்க்குள் போகும், நான் வைப்பதில்லை.

சுவருக்குப் பெயர் வளையம்

பெயரைத் தைத்து, வளையத்தோடே சுவரில் மாட்டுவது இது. இங்கே வந்தால் கை கட்டு அவிழ்ந்துவிடும். நீளத் தையல், முடிச்சு, மணி எல்லாம் சரி, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுகிற வரை. ஆனால் தமிழில் பெயர் தைப்பதற்கென்று சில சூட்சுமங்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படுவதை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ் எழுத்து குழம்பும்.

நம் எழுத்து முழுக்க வளைவும் சுழியும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சொல்கிறோமே, அந்தச் சுழிகளின் உள்வெளி அரை செ.மீ.ஆவது இல்லையென்றால் நூலின் தடிமனே அதை அடைத்துவிடும், எந்த ன என்று தெரியாது. இரண்டு இழையில் தைக்கும்போது எழுத்தின் உயரம் இரண்டரை செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கயல்’ போன்ற சின்னப் பெயர் ஐந்து அங்குல வளையத்தில் தாராளமாக அடங்கும். ‘யாழினி’ என்றால் ஆறு அல்லது ஏழு அங்குலம் வேண்டும். பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாக உடைக்கலாம். ஆனால் கொம்பும் துணைக்காலும் தன் எழுத்தை விட்டுப் பிரியக் கூடாது. இடைவெளி கூடிப்போன துணைக்காலைத் தூரத்திலிருந்து பார்த்தால் ‘ர’ என்று படிப்பார்கள்.

காம்புத் தையலில் எழுதத் தோன்றும். அதில் ஒரு சிக்கல்: வளைவு சீராக வர நூல் வளைவின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ‘ழ’வைப் பாருங்கள், போகிற போக்கில் திசை மாறி மாறி வளைகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் நூலைப் பக்கம் மாற்றினால் முறுக்கும் மாறிப்போய், கோடு இடையிடையே உடைந்ததுபோலத் தெரியும். இதற்கு நான் நம்புவது சுற்றிய பின்தையல். முதலில் எழுத்து முழுக்கப் பின்தையல் (ஒரு தையல் அளவு முன்னே மேலே வந்து, முந்தைய தையலின் முனைக்கே திரும்பி இறங்குவது): நேர்க்கோட்டில் மூன்று மில்லிமீட்டர், சுழியில் இரண்டு, இன்னும் இறுக்கமான திருப்பத்தில் அதற்கும் கீழே. அப்புறம் அதே நிற நூலைக் கோத்து, ஒவ்வொரு பின்தையலின் அடியிலும் ஒரே பக்கமாக நுழைத்து நுழைத்துச் சுற்றிக்கொண்டு போங்கள். துணியைக் குத்தக் கூடாது. ஊசியின் கண் இருக்கும் முனையை முன்னால் விட்டு நுழைத்தால் இழை பிளக்காது. தையலுக்குத் தையல் இருந்த இடைவெளி மறைந்து, வழுவழுவென்று ஒரே கயிறாக எழுத்து எழும்பி நிற்கும். கையால் பேனா ஓட்டும் வரிசையிலேயே தைத்துக்கொண்டு போனால் சேரும் இடங்களும் இயல்பாக அமையும்.

மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்று இழையில் ஒரு பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, வந்த துளையிலேயே இறங்காமல் துணியின் ஓரிரு இழை தள்ளி இறங்குங்கள், முடிச்சு பின்பக்கம் நழுவாது. புள்ளியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைப்பேன். எழுத்து முழுதாகத் தெரிந்தபிறகுதான் அதன் சரியான இடம் கண்ணுக்குப் படும்.

பெயரைச் சுற்றிப் பூக்கள் வைக்கும்போது முழு வட்டமாக நிரப்பாமல் கீழ்ப்பக்கம் ஒரு பிறை அளவுக்கு வையுங்கள். பெயருக்கு மூச்சுவிட இடம் இருக்கட்டும். பிறந்த தேதியைப் போடுவதானால் ஒற்றை இழையில், சிறியதாக.

அக்கா வரைந்த படம்

இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறீர்களா? மூத்த பிள்ளை வரைந்த படம் ஒன்றை அந்த வீட்டிலிருந்து முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். என் தங்கையின் மூத்த பெண் தன் தம்பியை வரைந்து தந்தாள்: உருளைக்கிழங்கு வடிவத் தலை, அதிலிருந்தே நேராகக் கிளம்பும் இரண்டு கால், ஒரு கையில் ஏழு விரல். அதைத் திருத்தத் தோன்றும், திருத்தாதீர்கள். ஏழு விரலென்றால் ஏழு விரலையும் தைக்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, அதன்மேல் துணியை ஒட்டினால் கோடு தெளிவாகத் தெரியும். கிரேயான் அழுத்திப் போன இடத்தில் மூன்று இழை, லேசாக ஓடிய இடத்தில் ஒன்று என்று கோட்டின் கனத்தையும் பார்த்துப் பின்தையல் போடுங்கள். கிரேயானால் கிறுக்கி நிரப்பிய பகுதிக்கு அதே கிறுக்கல் திசையில் ஓட்டுத் தையல் (இடைவெளி விட்டு மேலும் கீழுமாக ஓடுவது) சில வரிகள் போதும். அடியில் அந்தப் பிள்ளை தன் கைப்பட எழுதிய பெயரையும் அப்படியே எடுங்கள். குழந்தைக்கு அன்பளிப்பு, வீட்டுக்கு அலங்காரம் இரண்டுமாக ஆகிவிடும் ஒரே பொருள் எனக்குத் தெரிந்து இதுதான். எல்லாரும் புதுக் குழந்தையையே கொஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூத்தவளுக்கும் சுவரில் ஓர் இடம் கிடைக்கிறது.

குஷன் உறை, திரைச்சீலை பற்றிச் சுருக்கமாக: குஷன் அடைத்ததும் நடுப்பகுதி புடைத்து ஓரங்கள் வளைந்து மறையும், அதனால் பார்டரை ஓரத்திலிருந்து ஐந்து செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். திரைச்சீலையில் வெளிச்சம் ஊடுருவும், பின்பக்கம் தாவிய நூலெல்லாம் அம்பலமாகும். அடி மடிப்பின்மேல் தைத்தால் துணி இரட்டையாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

வளையத்தை முடிப்பது

அலசிய துணியைப் பிழியாமல் தடித்த துண்டில் சுருட்டி ஈரம் எடுங்கள். துண்டின்மேல் தையல் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, பின்பக்கமிருந்து இஸ்திரி போடுங்கள். முடிச்சும் கயிறும் துண்டுக்குள் அமுங்கி, திருப்பினால் எழும்பி நிற்கும். வளையத்தில் மாட்டித் திருகாணியைப் பெயரின் உச்சிக்கு நேரே வைத்து இறுக்குங்கள். சுற்றிலும் நான்கு செ.மீ. விட்டு மிச்சத்தை வெட்டி, விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இரட்டை நூலில் ஓட்டுத் தையல் போட்டு இழுத்தால் துணி சுருங்கிப் பின்னால் படியும். இழுத்த நூலை முடிச்சிட்டு, வளையத்தைவிடக் கொஞ்சம் சிறிய ஃபெல்ட் (கம்பளம் போன்ற தடித்த துணி) வட்டத்தை அதன்மேல் வைத்துச் சுற்றித் தைத்து மூடுங்கள். பசை வேண்டாம், நாளாக ஆக மஞ்சளாகும், துணியைக் கழற்றித் துவைக்கவும் முடியாது.

மாட்டும்போது நேர் வெயில் படாத சுவராகப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஃபெல்ட்டை மூடும்முன் பயன்படுத்திய நூல் எண்களை ஒரு துண்டுத் துணியில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பின்னாளில் ஓர் இழை அறுந்தாலும் அதே நிறத்தில் யாராவது சேர்த்துத் தைத்துவிடலாம்.